அக்கா பெண்

என் முகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்து உச்சுக்கொட்ட வேண்டாம். நெற்றியிலிருந்து தாடை வரை வைசூரித் தழும்பு. இரண்டு வயதில் வந்தது. மூக்கின் மேல் இரண்டு குழிகள் இருக்கின்றன, மிளகு வைத்தால் உருளாமல் நிற்கும். கண்ணாடியைப் பார்த்து அழுகிற வயதெல்லாம் பதினாலோடு முடிந்துவிட்டது.

இதில் கூத்து என்னவென்றால், நான் பார்த்த வேலையே மற்றவர்கள் முகத்திலிருக்கும் புள்ளிகளை அழிப்பதுதான். கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. மாடியில் ஜன்னலோரமாக என் சாய்வு மேஜை. மேஜை நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை, அதன் மேல் நெகட்டிவ், அடியில் ஒரு கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நெகட்டிவ் வழியாக மேலே வரும். உப்புத்தாளில் ஊசியாகத் தேய்த்த பென்சிலால் பரு, சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக அடைக்க வேண்டும், அதற்கு டச்சிங் என்று பெயர். கிழவரானாலும் சரி, கல்யாணப் பெண்ணானாலும் சரி, எந்த முகமும் புள்ளியோடு எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது கடையின் சட்டம். என்னை அங்கே 'பென்சில்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டில் நானும் பெரியம்மாவும் மட்டும். பெரியம்மா என்றால் என்னைப் பெற்றவளின் கூடப்பிறந்த அக்கா. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சலவை வேலை. சோடாவில் ஊறி ஊறி அவள் கை இரண்டும் எப்போதும் சிவந்து கிடக்கும். சின்ன வயதில் நான் வாய் தவறி அவளை 'அம்மா' என்றால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் திருத்துவாள்.

"நான் உன் பெரியம்மாடி. அம்மா வேற. அது அவளோட இடம்."

அந்த அவள், எனக்கு வைசூரி கண்டபோது என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டு செத்துப்போனாள் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. ஆக, கொன்றது நான். யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானாகவே நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

கடைக்கு வரும் பெண்களை "வாங்கம்மா, தலையை நிமிர்த்துங்கம்மா" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். அது வாய்ப் பழக்கம். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே இருக்கிற ஒருத்தியை 'அம்மா' என்று கூப்பிடுகிறார்களே, அது எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இருபத்து மூன்று வயதிலும் அந்த ஏக்கம் போகவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பெரியம்மா மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். நாலு நாள் ஜுரம், அவ்வளவுதான். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் என்று ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேஸ்திரி ஸ்டூடியோ மாடி ஏறி வந்தார். கையில் ஒரு வெளிநாட்டுத் தபால்.

"உங்க பெரியம்மாவுக்கு வந்தது. வருஷத்துக்கு ஒண்ணு வரும், சலவைக்கூடத்து விலாசத்துக்கு. படிச்சு முடிச்சதும் கொதிகலன் அடுப்புல போட்டுடுவாங்க. இதை என்ன பண்றதுன்னு தெரியல. நீயே வெச்சுக்கோ" என்றார்.

பிரித்தேன். 'அக்கா, இவர் வெளியே போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்' என்று ஆரம்பித்தது. 'அவளுக்கு இருபத்து மூன்று ஆகிவிட்டது இல்லையா? வைசூரி என்று அவளைக் கப்பலில் ஏற்ற மறுத்ததும், துறைமுகத்தில் உன் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஏறியது நேற்று மாதிரி இருக்கிறது. அவள் என்னைப் பற்றிக் கேட்கிறாளா? நான் இல்லை என்று நீ சொல்லி வைத்ததே நல்லது. ஆனாலும் கேட்கிறாளா என்று மட்டும் எழுது.'

உள்ளே ஒரு குடும்பப் படம். தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு மனிதர், பக்கத்தில் ஒரு பெண்மணி, நடுவில் பதினேழு பதினெட்டு வயதில் ஒரு பெண். லென்ஸை எடுத்து அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் முகத்தை எவ்வளவு மாற்றினாலும் காதைத் தொட மாட்டோம், காதை யார் பார்க்கப் போகிறார்கள்? மேல் மடிப்பு சப்பையாக, கீழே ஒட்டிக்கொண்டு, என் காது அந்தப் பெண்மணியின் தலையில் இருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். செத்துப்போன பெரியம்மா மேல் கோபம். இருபத்தோரு வருஷம் ஒருத்தியைக் கொன்றதாக நினைக்க விட்டாயே, பாவி! அன்று முழுவதும் எதிரே வந்தவர்களையெல்லாம் கடித்துத் துப்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தியதும்தான் உறைத்தது. எனக்கு அம்மா இருக்கிறாள்! உயிரோடு இருக்கிறாள்! நான் ஒருமுறையாவது அப்படிக் கூப்பிடலாம்.

உடனே கடிதம் எழுதினேன். பெரியம்மா போன செய்தி, நான் இன்னாள், எனக்கு எல்லாம் தெரியும், கோபம் இல்லை, பார்க்க வேண்டும். கோபம் இல்லை என்பது பொய், போகட்டும். கூட வைக்க ஒரு படம் வேண்டுமே? முதலாளி என்னை ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தார். இரண்டு நாள் கழித்து என் நெகட்டிவ் மற்ற பதினொரு நெகட்டிவோடு என் மேஜைக்கே வந்தது. நான் எப்போதும் தலைகீழாக வைத்துத்தான் வேலை செய்வேன். அதில் ஆள் தெரியாது, மேடும் பள்ளமும்தான் தெரியும். என் கை என் வேலையைச் செய்துவிட்டது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு புள்ளி விடாமல் அடைத்தேன். பிரிண்ட் வந்ததும் கடையே கூடி, "அடேயப்பா, நம்ம பென்சிலா இது!" என்றது. எனக்கும் பூரிப்புதான். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று சத்தியமாகத் தோன்றவில்லை. அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. 'நீங்கள் யார் என்று தெரியவில்லை. என் அக்கா வளர்த்த பெண்ணுக்கு முகம் முழுக்க வைசூரித் தழும்பு உண்டு. படத்தில் இருப்பவர் வேறு யாரோ. இனிமேல் எழுத வேண்டாம்.'

தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் எந்த முட்டாளாவது தன் அடையாளத்தைத் தானே அழித்துத் தபாலில் அனுப்புவானா? டச்சிங் செய்கிறவள்தான் செய்வாள். பென்சிலை இரண்டாக ஒடித்துப் போட்டேன். படம் மட்டும் திரும்பி வரவில்லை, அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

இன்னொரு கடிதம் எழுதி, இன்னொரு படம் அனுப்பி, இன்னொரு மூன்று மாதம் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நேரில் போய் முகத்தைக் காட்டினால் தீர்ந்தது. ஆனால் கடலைத் தாண்டுவது எப்படி? அந்தச் சமயம் பார்த்து, ஜட்ஜ் வீட்டம்மாள் ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். முழங்கால் வலிக்காரர். அக்கரையில் மகன் வீட்டுக்குப் போகிறாராம், கப்பலில் கூட வரத் துணைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். விலாசத்தை எட்டிப் பார்த்தேன். அதே ஊர்!

"நான் வரேங்க. கால் பிடிச்சு விடுவேன், வாந்தி எடுத்தா அள்ளுவேன். அதே கப்பல்ல திரும்பி வர டிக்கெட் மட்டும் போட்டுக் குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் கொஞ்சம் நீளமோ?" என்றார்.

"ஆமாங்க. கையும் நீளம்தான், எட்டி எட்டி வேலை செய்வேன்" என்றேன். சிரித்துவிட்டார்.

என் பாஸ்போர்ட் படத்தை டச்சிங் செய்யாமல் விடச் சொன்னேன். கடை தொடங்கியதிலிருந்து புள்ளியோடு வெளியே போன முதல் முகம் என்னுடையதுதான். துறைமுகத்தில் கப்பல் ஏறுமுன் அம்மை குத்திய சீட்டு கேட்டார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

"உனக்கு எதுக்கு? அதான் சீல் குத்தி அனுப்பியிருக்கே!"

"இருபத்தோரு வருஷம் முன்னாடி இதே துறைமுகத்துல இதுக்காகத்தான் ஏத்த மாட்டேன்னீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பத்தொன்பது நாள் கடல். ஜட்ஜ் வீட்டம்மாள் பாதி நாள் படுத்தே கிடந்தார், பாதி நாள் மணியடித்து என்னைக் கூப்பிட்டார். நான் கீழ்த்தளத்தில், ஆறு பேர் படுக்கும் அறையில். மற்ற ஐந்து பேரும் ஒரே குடும்பம். அவர்கள் சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து சண்டை போட்டார்கள், ஒருவர் தலையை ஒருவர் சீவி விட்டார்கள். என் மூலையில் உட்கார்ந்து நான் சுவரைப் பார்ப்பேன். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் பத்தொன்பது நாளில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாக இருப்பது பெரியம்மா போன பிறகு எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. மேல்தளத்தில் ஆள் இல்லாத வேளையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். எந்தத் தொனியில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஒத்திகை. பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் இறங்கியபோது தூறல். டிராம் வண்டிகள், படிக்கத் தெரியாத எழுத்தில் பலகைகள், ஓயாத நடை. ஜட்ஜ் வீட்டம்மாளை மகனிடம் ஒப்படைத்தேன். கப்பல் எட்டாவது நாள் திரும்புகிறது. உறையின் மேல் இருந்த விலாசத்தைப் போகிறவர் வருகிறவரிடம் காட்டிக் காட்டி, பட்டறைகள் நிறைந்த ஒரு சந்துக்கு வந்தேன். ஒரு பக்கம் செருப்புத் தைப்பவர்கள், ஒரு பக்கம் தகரம் தட்டுபவர்கள், நடுவில் ஒரு தையல் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மிஷினில் ஒரு மனிதர் கால் மிதித்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து ஒரு பெண்மணி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

படியில் நின்றேன். அவள் நிமிர்ந்தாள். ஊசி அப்படியே நின்றது. என் முகத்தைத்தான் பார்த்தாள், ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். கடலில் செய்த ஒத்திகை எல்லாம் எங்கே போனதோ.

அதற்குள் மிஷின் நின்றது. தையற்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏய், இங்க பாரு! இது உங்க அக்கா பொண்ணு இல்ல? வைசூரி வந்து பொழைச்சுதுன்னு சொல்லுவியே, அந்தப் பொண்ணுதானே?" என்று எழுந்தே விட்டார். "வாம்மா, வா வா! இவ்வளவு தூரம் தனியாவா வந்தே? அடேங்கப்பா, என்ன தைரியம்!"

என்னைப் பெற்றவளைப் பார்த்தேன். இப்போது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஆமா. அக்கா பொண்ணுதான்" என்றாள்.

உள்ளேயிருந்து படத்தில் பார்த்த பெண் ஓடி வந்தாள். "அக்கா! எங்க பெரியம்மா பொண்ணா நீங்க? எனக்கு அக்காவே இல்லைன்னு எவ்வளவு நாள் அழுதிருக்கேன் தெரியுமா!" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். தையற்காரர் மிஷினை மூடி வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி வரவேற்றதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கடையின் ஒரு மூலையில் துணி போட்டுப் பார்க்க ஒரு திரை மறைவு இருந்தது. அளவெடுக்கிற சாக்கில் பெற்றவள் என்னை அதற்குள் அழைத்துப் போனாள். கையில் இஞ்ச் டேப். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அவருக்குத் தெரியாது. வரன் பேசினவங்க கொழந்தை இல்லாத விதவைன்னு சொல்லிட்டாங்க. உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து எறங்கிட்டா, பார்த்தப்புறம் வேணாம்னு சொல்ல மாட்டார், அப்ப சொல்லிக்கலாம்னு அக்காவும் நானும் நெனைச்சோம். கப்பல் ஏற முந்தின நாள் உனக்குக் கொப்புளம் வந்துடுச்சு. கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. அக்கா உன்னை வாங்கிக்கிட்டு, 'நீ போ, ஆறு மாசத்துல அனுப்பி வெக்கறேன்'னா. கையில நீ இல்லாம வந்து எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். யுத்தம் வந்துது, கப்பல் நின்னுது. அப்புறம் இவ பொறந்தா."

"இப்ப சொல்லுங்க. இப்பதான் நான் வந்துட்டேனே. இடுப்புல வெச்சுக்க முடியாது, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் டேப்பை என் தோளில் வைத்தாள். 

"அந்தப் படம்..." என்றேன். "தழும்பு இல்லாம அனுப்பிட்டேன். அதனாலதான் நான்னு தெரியலைன்னு..."

"பார்த்த உடனே தெரிஞ்சுது" என்றாள். "நாலு நாள் அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். நோய் வராம இருந்திருந்தா நீ இப்படித்தான் இருந்திருப்பேன்னு. அப்புறம் பயம் வந்துது. நீ வந்துட்டா என்ன பண்றதுன்னு. மூஞ்சி சுத்தமா இருந்தது எனக்கு ஒரு சாக்கு ஆயிடுச்சு."

அடப்பாவமே! நான் என் பென்சிலையா சபித்துக்கொண்டிருந்தேன்? எத்தனை நாள் தூங்காமல் என்னையே திட்டிக்கொண்டேன்! அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். திரைக்கு வெளியே தையற்காரர், "வெந்நீர் ரெடிம்மா, ஆறிடப் போகுது" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இருக்கற வரைக்கும் என்னை சித்தின்னு கூப்பிடு" என்றாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏழு நாள் இருப்பேன். நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் கூப்பிடறேன், சித்தி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் இன்று சொல்வாள் என்று எழுந்தேன். அவளும் சொல்ல வருகிற மாதிரி ஊசியைப் பஞ்சுப் பொதியில் குத்திவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்புவாள். அவர், "என்ன?" என்பார். "நூல் தீர்ந்துடுச்சு" என்பாள். நாலாம் நாள் நூல், ஐந்தாம் நாள் பொத்தான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. தங்கை என்னை விட்டு நகரவே மாட்டாள். அவள் முகம் வழுவழுவென்று, டச்சிங் செய்த படம் போல இருக்கும். பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் எல்லாம், "எங்க அக்கா, கப்பல்ல தனியா வந்தாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு காட்டுவாள். தையற்காரர் எனக்கென்று கம்பளியில் ஒரு கோட்டு தைக்க ஆரம்பித்தார். எல்லோரும் என்னைச் சுற்றி இருந்தார்கள், நான் யாராக இருக்கிறேனோ அந்த ஆள் மட்டும் அந்த வீட்டில் இல்லை. கப்பலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுகூட இவ்வளவு தனியாக உணரவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம், விளக்கு வைத்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மறுநாள் காலையில் எனக்குக் கப்பல். பெற்றவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவைப் பத்திச் சொல்லேம்மா" என்றார் தையற்காரர். "சேதி வந்தப்ப உங்க சித்தி மூணு நாள் தண்ணிகூடக் குடிக்கல. ஆனா கேட்டா அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டா. எப்படி இருப்பாங்க அவங்க?"

உங்கம்மா என்றால் பெரியம்மா. அந்த வீட்டுக் கணக்கில் அப்படித்தானே? என்னைப் பெற்றவள் முகத்தைப் பார்த்தேன். குத்திப் பார்க்க வேண்டும் என்று வெறி வந்தது. குத்துவதற்காகத்தான் ஆரம்பித்தேன், மறைக்கவில்லை.

"எங்கம்மாவா?" என்றேன், அழுத்தி. "எங்கம்மா ஆஸ்பத்திரில துணி தோய்ச்சாங்க. ஏன் தெரியுமா? எனக்கு வைசூரின்னு தொற்றுநோய்க் கொட்டகையில போட்டப்ப, கூட யாரும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. வேலைக்காரங்க மட்டும்தான் உள்ள போகலாம். எங்கம்மா நேரா சலவைக்கூடத்துக்குப் போய், சம்பளம்கூடக் கேக்காம வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. நோயாளி துணியை அள்ள வர்ற சாக்குல என் பக்கத்துல வந்து உக்காருவாங்க."

"அடடா" என்றார் தையற்காரர். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சொறியக் கூடாதுன்னு என் ரெண்டு கையையும் துணியால கட்டி, விரலை ஒவ்வொண்ணா ஊதி விடுவாங்களாம். நாப்பது நாள். ஒரே ஒரு மத்தியானம் கண் அசந்துட்டாங்க. அப்ப நான் கட்டைப் பிரிச்சுச் சொறிஞ்சதுதான் மூக்கு மேல இந்த ரெண்டு குழி. சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க. தூங்கிட்டேண்டி, தூங்கிட்டேண்டின்னு. கடைசி நாலு நாள் ஜுரத்துலயும் என் மூக்கைத்தான் தடவிக்கிட்டு இருந்தாங்க. நான் பொழைச்சப்புறமும் அந்த வேலையை விடல. அம்மா கை ரெண்டும் வெந்து..."

நான் யாரைக் குத்த ஆரம்பித்தேன், யாரைக் குத்தி முடித்தேன்? அம்மா, அம்மா என்று வாய் நிறைய எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! இருபத்தோரு வருஷம் பக்கத்தில் இருந்தாளே, ஒரு தடவை அவள் காதில் விழும்படி சொன்னேனா? சின்ன வயதில் வாய் தவறிச் சொன்னபோதெல்லாம் திருத்தினாளே, பாவி. தங்கச்சிக்காக இடத்தைத் துடைத்துக் காலியாகவே வைத்திருந்தாளே. தட்டின் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தங்கை என் தோளைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

"தெய்வம்மா அவங்க" என்றார் தையற்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "உங்கம்மா மாதிரி ஒருத்தி பெத்ததுக்கு நீ குடுத்து வெச்சிருக்கணும்." அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, "நீ ஏன் இதெல்லாம் சொன்னதே இல்ல?" என்றார்.

"எனக்கே தெரியாது" என்றாள் பெற்றவள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். கொஞ்சம் அதிர்ந்திருப்பார், கொஞ்சம் கோபித்திருப்பார், பிறகு எனக்கு இன்னொரு கோட்டு தைத்திருப்பார். அவளுக்கு அது தெரியவில்லை. கரண்டியைக் கொண்டுபோய்க் கழுவப் போட்டாள்.

மறுநாள் காலை தையற்காரர் கோட்டை எனக்கு மாட்டி, காலரை இழுத்துவிட்டு, "இது உன் வீடும்மா, எப்ப வேணா வா" என்றார். அவசரமாகக் கொடுக்க வேண்டிய துணி இருந்ததால் அவரால் வர முடியவில்லை. தங்கை வாசலோடு நின்று கையாட்டினாள். டிராம் நிறுத்தம் வரை பெற்றவள் மட்டும் வந்தாள்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"என்னால முடியல. நான் கோழை. என்னைத் திட்டிக்கோ, அடி, என்ன வேணா பண்ணு" என்றாள். "ஆனா இங்க யாரும் இல்ல. ஒரு தடவை கூப்பிட்டுட்டுப் போ. ஒரே ஒரு தடவை. இத்தனை நாளா நீ வரமாட்டியான்னு இருந்தவடி நான்."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயதான காது, என் காது, குளிரில் சிவந்திருந்தது. கடலில் ஒத்திகை பார்த்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். சொல்லிவிடலாம், சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"எங்கம்மா செத்துட்டாங்க, சித்தி" என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. வேறு எதுவும் வரவில்லை, அதுதான் நிஜம். அவள் கையை விடவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். "ஆமா. அக்காதான்" என்றாள். டிராம் வந்தது. அவள் என் பெட்டியை ஏற்றிவிட்டாள்.

உள்ளே இடம் இருந்தது. உட்கார்ந்தேன். எனக்கு அழுகை அடங்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான மனிதர் தன் பாஷையில் என்னவோ கேட்டார். என்ன ஆயிற்று என்றுதான் கேட்டிருப்பார்.

"அம்மா போயிட்டாங்க" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.